தெருவோரப் பிள்ளையை ஏன் உடனே வீட்டுக்கு அனுப்புவதில்லை?

மதுரை ஜங்ஷனிலோ மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டிலோ தனியாகத் திரியும் பிள்ளையைத் தொண்டு நிறுவனத்தார் அழைத்துப்போகிறார்கள். ஊர் பெயரைக் கேட்டு பஸ் ஏற்றிவிட்டால் போதாதா என்பது பலரின் கேள்வி.

தெருவோரப் பிள்ளை என்றால் தெருவிலேயே பொழுதைக் கழித்து, அங்கேயே வயிற்றுப்பாட்டைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை. அடி, அப்பாவின் குடி, கடனுக்காக வேலை என்று ஏதோ ஒன்று வீட்டைவிட்டு விரட்டியிருக்கும். அது மாறாமல் அனுப்புவது, ஒழுகும் கூரையை விட்டுவிட்டுத் தரையை மட்டும் துடைக்கிற மாதிரி. சீக்கிரமே அதே பிளாட்பாரத்தில் வந்து நிற்பான்.

முதல் நாள் பேச்சே பெரிதாக இருக்காது. குளியல், இட்லி, தூக்கம், அவ்வளவுதான். சொல்லும் பெயர்கூடப் பொய்யாக இருக்கலாம். தட்டில் வைத்த இட்லியில் ஒன்றைச் சட்டைப்பையில் ஒளித்துவைக்கும் பிள்ளையும் உண்டு. ராத்திரிக்குக் கிடைக்குமோ கிடைக்காதோ என்ற பயம். அதைத் திட்டாமல் விடுவதே பாதி வேலை என்பேன். அப்புறம்தான் உண்மையான ஊர் வெளியே வரும்.

சட்டமும் உண்டு. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் பிள்ளையை, அரசு மாவட்டத்தில் அமைத்திருக்கும் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். வீடா, காப்பகமா என்று முடிவெடுப்பது அந்தக் குழுதான், நிறுவனம் அல்ல.

தெருவோரப் பிள்ளைகள் எல்லாரும் அநாதைகள் என்று நினைப்பது தவறு: பலருக்கு அப்பா அம்மா இருக்கிறார்கள், சிலர் குடும்பத்தோடேயே நடைபாதையில் படுக்கிறார்கள்.