குளிர்காலத்தில் கிளைடர் கருவிகள்

கேள்வி: ஜெர்மனியில் இலையுதிர் காலம் முடியும்போது டிரெய்லரில் பூட்டிவைக்கப்படும் கிளைடர்கள் (இயந்திர உந்துதலின்றி மிதந்து பறக்கும் விமானங்கள்) பல, வசந்தத்தில்தான் வெளியே வருகின்றன. இடைப்பட்ட உறைபனியில் விமானி அறைக் கருவிகள் கெட்டுவிடாதா? கழற்றி வீட்டுக்குள் வைத்துவிடலாமா?

பதில்: வெறும் குளிரால் வேகமானிக்கும் உயரமானிக்கும் பெரிய ஆபத்து இல்லை. திட்ட வளிமண்டலக் கணக்குப்படி 5,000 மீட்டர் உயரத்தில் வெப்பநிலை ஏறத்தாழ மைனஸ் 17 டிகிரி செல்சியஸ். அந்தக் குளிரிலும் அவை இயங்கத்தான் வேண்டும். கெடுப்பது ஈரம். பல நாள் உறைபனிக்குப் பின் திடீரென மிதமான ஈரக்காற்று வீசும்போது, டிரெய்லருக்குள் உள்ள உலோகம் இன்னும் சில்லிட்டே இருப்பதால், காற்றிலுள்ள நீராவி அதன்மீது துளிகளாகப் படிகிறது. ஒரே குளிர்காலத்தில் இது பலமுறை நிகழும். உயரமானியின் நுண்ணிய பற்சக்கரங்களும், உறையைத் தொட்டும் தொடாமலும் அசையும் வேரியோமீட்டர் (ஏறும், இறங்கும் வேகத்தைக் காட்டும் கருவி) தகடும் சிறு துருவைக்கூடத் தாங்கமாட்டா.

கழற்றுவதிலும் சிக்கல் உண்டு. கருவிகளுக்குக் காற்றழுத்தத்தைக் கொண்டுவரும் குழாய்களை மீண்டும் பொருத்தியபின் கசிவுச் சோதனை செய்தாக வேண்டும். ஒரு குழாய் இடம் மாறினாலும் கருவி தவறாகக் காட்டும். ஆகவே இயந்திரக் கருவிகளை அங்கேயே விட்டுவிட்டு, மின்னணுப் பறப்புக் கணினியையும் பேட்டரிகளையும் மட்டும் எடுத்துவருவதே நல்லது என்பது என் கருத்து. சில்லிட்ட கணினியை அப்படியே கதகதப்பான அறைக்குள் கொண்டுவந்தால், நாம் தவிர்க்க நினைத்த அதே ஈரம் உடனே அதன்மீது படியும். ஆகவே வெளியிலேயே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லுடன் காற்றுப்புகாத பையில் இட்டு மூடி, உள்ளே கொண்டுவந்து, அறையின் வெப்பநிலையை அடையும்வரை, அதாவது ஓர் இரவேனும், பிரிக்காமல் வைத்திருக்க வேண்டும்.

கிளைடரிலிருந்து பாராசூட்டையும் மெத்தைகளையும் அகற்றிவிடுங்கள். அவை ஈரத்தைச் சேமித்துவைக்கும். கண்ணாடிக் கூரையைப் பிளாஸ்டிக் தாளால் இறுகச் சுற்றாமல், காற்றுப் புகும் துணியுறையால் மூடுங்கள். ஈரம் உறிஞ்சும் கருவி வாங்குவதானால், உறைநிலையை நெருங்கும்போது சுருள்களில் பனி படிந்து திணறும் கம்ப்ரஸர் வகையைவிட, ஈர உறிஞ்சிப் பொருளால் இயங்கும் வகையே ஏற்றது. ஒப்பு ஈரப்பதம் 50 சதவீதத்தைத் தாண்டாமல் இருந்தால் போதும். வேகமானிக்குக் காற்றழுத்தத்தைத் தரும் பிட்டோ குழாயின் வாயைச் சிவப்பு நாடா கட்டிய மூடியால் அடையுங்கள். கருவிகள் இணைந்திருக்கும்போது அந்தக் குழாய்க்குள் ஒருபோதும் வாயால் ஊதக்கூடாது.

ஈய அமில பேட்டரியை முழுமையாக மின்னேற்றி வையுங்கள். மின்சாரம் தீர்ந்த பேட்டரியின் அமிலக் கரைசல் கடுங்குளிரில் உறைந்து கூட்டையே பிளந்துவிடும். லித்தியம் பேட்டரியாக இருந்தால், 0 டிகிரிக்குக் கீழே மின்னேற்றாதீர்கள்.