டிராயிங் மாஸ்டர் பதில்கள்

ஓவிய ஆசிரியர் பயிற்சியில் இருக்கிறேன். இன்டர்ன்ஷிப்புக்கு ஓர் அரசுப் பள்ளி. வழிகாட்டி ஆசிரியர் "நீ பார்த்துக்கம்மா" என்று சொல்லிவிட்டு எமிஸ் என்கிற பள்ளி விவர இணையதளத்தில் பதிவேற்றப் போய்விடுகிறார். தலைமையாசிரியர் சுவரில் திருவள்ளுவர் வரையச் சொல்கிறார். என் வகுப்பை யாரும் பார்ப்பதில்லை, ரெக்கார்டில் மட்டும் கையெழுத்து விழுகிறது. இதெல்லாம் பயிற்சியா சார்?
– ஒரு வாசகி, பர்கூர்

திருவள்ளுவரை வரைந்து கொடுத்துவிடும்மா. ஒரு சுவர், ஒரு தடவை. அதற்கப்புறம் ஆண்டு விழா பேனர், வரவேற்புப் பலகை என்று வரிசை நீளும். அப்போது "ஏழாவது பி-க்கு பீரியட் இருக்குங்க சார்" என்று சொல்லிப் பழகு. நன்றாக வரைகிற பெண் கிடைத்தால் எந்தப் பள்ளிக்கூடமும் லேசில் விடாது.

வழிகாட்டி தினமும் வந்து உட்காருவார் என்று எதிர்பார்க்காதே. நம் பள்ளிகள் பலவற்றில் ஓவியத்துக்கு இருப்பவர் பகுதிநேர ஆசிரியர். 2012-இல் 5,000 ரூபாய் சம்பளத்தில், வாரம் மூன்று அரை நாள் வேலை என்று எடுத்தார்கள். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அதனால் ஒன்றே ஒன்று கேள்: வாரத்தில் ஒரு பீரியட், கடைசி பெஞ்சில். ரெக்கார்டு வேண்டாம், கையில் ஒரு வெள்ளைத்தாள் போதும். தாளும் கலரும் கொடுத்து முடிக்க எத்தனை நிமிஷம் ஆனது, நீ போர்டைப் பார்த்தபடி எவ்வளவு நேரம் நின்றாய், எந்தப் பிள்ளை பக்கம் போகவே இல்லை – இதை மட்டும் குறிக்கட்டும். நாற்பது நிமிஷத்தில் பத்து நிமிஷம் கலர் பெட்டியிலேயே போய்விடும். நின்று நடத்துகிறவளுக்கு அது தெரியாது. அன்றைக்கே, மணி அடித்ததும், ஐந்து நிமிஷம் அவரோடு பேசிவிடு. 'நன்று' என்று எழுதிப் போடும் கையெழுத்தால் உனக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

அவர் வந்து உட்காரும் நாளில் என்ன நடத்துவது? பாடக்குறிப்பில் 'இயற்கைக் காட்சி' என்று எழுதியிருப்பாய். எழுதினால் வருவது எனக்குத் தெரியும்: இரண்டு முக்கோண மலை, நடுவில் சூரியன், ஓர் ஆறு, குடிசை, தென்னை. கிருஷ்ணகிரியில் ஜன்னலைத் திறந்தால் சையத் பாஷா மலை நிற்கிறது. மொட்டைப் பாறை, முக்கோணம் எங்கே இருக்கிறது அதில்? அப்படியும் பிள்ளைகள் முக்கோணம்தான் போடுவார்கள். உன் பள்ளிக்குப் பக்கத்திலும் ஒரு பாறை இருக்கும், பர்கூரில் பாறைக்கா பஞ்சம்! அதைப் பார்த்து வரையச் சொல். பாறை எந்த இடத்தில் கறுத்திருக்கிறது, மழைத்தண்ணீர் எந்த வழியாக இறங்கியிருக்கிறது என்று கேள். "மிஸ், சூரியன் போடலாமா?" என்று கட்டாயம் நாலு பேர் கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லாதே. இப்போது சூரியன் எந்தப் பக்கம் இருக்கிறது என்று திருப்பிக் கேள். அந்த நிமிஷத்தில் பிள்ளைகள் தலை எந்தப் பக்கம் திரும்பியது என்று கடைசி பெஞ்சில் இருப்பவர் உனக்குச் சொல்லட்டும்.

இன்டர்ன்ஷிப்பில் எட்டாம் வகுப்பை மல்லப்பாடி பாறை ஓவியம் பார்க்க அழைத்துப் போகலாமா?
– பயிற்சி மாணவர், காவேரிப்பட்டணம்

தனியாக வேண்டாம் தம்பி. தலைமையாசிரியர் அனுமதி, பெற்றோர் கையெழுத்து, கூடவே அந்தப் பள்ளி ஆசிரியர் ஒருவர் – மூன்றும் இருந்தால் மட்டும். முதலில் நீங்கள் ஒருமுறை போய்ப் பாருங்கள். குதிரைமேல் இருந்து சண்டையிடும் ஆட்கள், எல்லாம் வெள்ளை நிறம். தண்ணீர் தெளித்தால் பளிச்சென்று தெரியும் என்று யாராவது யோசனை சொல்வார்கள், தெளிக்க விடாதீர்கள். அனுமதி கிடைக்காவிட்டால் சிலேட்டும் சாக்பீஸும் போதும். கரிய பரப்பில் வெள்ளை உருவம், கண் மூக்கு இல்லாமல்.

பி.எட். படிக்கும் என் அக்கா வாரக்கணக்கில் பள்ளிக்குப் போகிறாள். ஓவியத்தில் டி.டி.சி. என்கிற தொழில்நுட்ப ஆசிரியர் சான்றிதழ்ப் படிப்பை முடித்த எனக்கு ஏன் அப்படி இல்லை?
– வாசகர், அரூர்

பி.எட்.டுக்கு 2014 விதிகளின்படி 20 வாரம். முதலாண்டில் 4, இரண்டாமாண்டில் 16. டி.டி.சி.யைக் கோடையில் வைக்கிறார்கள், பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கும் நேரத்தில்! பிள்ளைகளே இல்லாமல் யாருக்குப் பாடம் நடத்திப் பழகுவது? இதை மேலிடம்தான் மாற்ற வேண்டும். அதுவரை உங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியில், கலைத் திருவிழாவுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்ய உதவுகிறேன் என்று கடிதம் கொடுங்கள். அந்தச் சமயத்தில் ஆள் தேவைப்படும். எழுத்தில் அனுமதி வாங்காமல் உள்ளே போகாதீர்கள். வாரம் ஒரு வகுப்பு எடுக்கவும், அதை ஓர் ஆசிரியர் உட்கார்ந்து பார்க்கவும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள்.