பதில்: ரெட்டினோபிளாஸ்டோமா ஓங்கா, ஒடுங்கா?

ரெட்டினோபிளாஸ்டோமா குழந்தைகளுக்கு வரும் விழித்திரைப் புற்றுநோய். அதற்குக் காரணமான ஆர்பி மரபணுவின் கோளாறை ஒரு பக்கத்தில் ஒடுங்கு (இரண்டு பிரதியும் கெட்டால்தான் விளைவு) என்றும் அடுத்த பக்கத்தில் ஓங்கு (ஒன்று கெட்டாலே விளைவு) என்றும் போட்டிருக்கிறதே, எது சரி என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் சரிதான். ஒன்று செல்லைப் பற்றிய பேச்சு, மற்றது குடும்பத்தைப் பற்றியது.

இந்த மரபணு தயாரிக்கும் ஆர்பி புரதத்தின் முக்கிய வேலை ஈ2எஃப் என்ற புரதத்தைப் பிடித்து வைத்திருப்பது. ஈ2எஃப் விடுபட்டால்தான் டிஎன்ஏவை நகலெடுக்க வேண்டிய மரபணுக்கள் விழிக்கும். செல்லைப் பிரியச் சொல்லி சமிக்ஞை வந்தால், சைக்ளின் என்ற புரதமும் சிடிகே என்ற நொதியும் ஜோடி சேர்ந்து ஆர்பி மேல் பாஸ்பேட்டை ஒட்டும், பிடி தளரும். பிரிந்து முடிந்ததும் பாஸ்பேட் கழன்று மறுபடி பிடி. இந்த மரபணு செல்லில் இரண்டு பிரதி இருக்கிறது. ஒன்று கெட்டாலும் மற்றது சமாளித்துவிடும். இரண்டும் கெட்டால்தான் ஈ2எஃப்பைப் பிடிக்க ஆளில்லாமல் செல் கட்டுப்பாடின்றிப் பிரியும். ஆகவே செல் அளவில் ஒடுங்கு.

சரி, குடும்பத்துக்கு வருவோம். ஒரு பிரதி கெட்டே பிறந்த குழந்தைக்கு ஒவ்வொரு செல்லிலும் மிச்சம் ஒன்றுதான். வளரும் விழித்திரையில் லட்சக்கணக்கான செல்கள். ஏதோ ஒன்றில் அந்த மிச்சமும் போய்விடும். சுமார் 90 சதவீதம் பேருக்கு நோய் வருகிறது, பெரும்பாலும் இரண்டு கண்ணிலும். வம்சாவளிப் படத்தில் அது ஓங்கு மாதிரியே தெரியும். இரண்டு பிரதியும் நன்றாக இருந்து பிறந்த குழந்தைக்கோ ஒரே செல்லில் இரண்டு விபத்து நடந்தாக வேண்டும். அது அபூர்வம், வந்தாலும் ஒரு கண்ணில்தான்.

அமெரிக்க மரபியலாளர் ஆல்ஃபிரட் நட்சன் இந்த இரண்டு விபத்துக் கருத்தை 1971இல் வெறும் 48 நோயாளிகளின் கணக்கை வைத்தே சொன்னார். மரபணு கையில் கிடைத்தது 1986இல்தான்!