நுரையீரல் புற்றுநோய் ஸ்டேஜ் 4, கீமோ ஓடிக்கொண்டிருக்கிறது: வீட்டில் அன்றாடம் சமாளிப்பது பற்றி உங்கள் கேள்விகள்

கீமோ டே கேர் வார்டில் நர்ஸாகப் பல வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். முற்றிய நிலை நுரையீரல் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டிருப்பவர்களும் அவர்கள் வீட்டாரும் அனுப்பிய கேள்விகளுக்குத்தான் இங்கே பதில். மருந்தின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் டாக்டர் வேலை, அதில் நான் கை வைக்க மாட்டேன். மற்றபடி எதையும் கேட்கலாம்.

சிஸ்டர், அப்பாவுக்கு வயது 61. அடினோகார்சினோமா வகை நுரையீரல் புற்றுநோய். பெமெட்ரெக்ஸெட், கார்போபிளாட்டின் 21 நாளுக்கு ஒருமுறை ஏத்துறாங்க. ஒருநாள் எழுந்து பேப்பர் படிக்கிறார், மறுநாள் படுத்த படுக்கை. எப்ப எப்படி இருப்பார்னே புரியல. (மதுரை)

அந்த 21 நாளுக்கு ஒரு கணக்கு இருக்கிறது, அம்மா. மருந்து ஏறிய அன்றும் மறுநாளும் ஸ்டீராய்டு தெம்பில் நன்றாகவே நடமாடுவார். "பரவாயில்லையே" என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே, ஸ்டீராய்டு நின்றதும் சோர்வு ஆளை அடித்துப் போடும். பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாள் வரை இப்படி இருக்கும். அதன்பின் வாய் ருசி மெல்லத் திரும்பும். ஆனால் 7லிருந்து 14ஆம் நாள் வரை வெள்ளணுக்கள் இறங்கியிருக்கும் காலம். ஆள் தெம்பாகத் தெரிந்தாலும் தொற்றுக்கு எளிதில் இடம் கொடுக்கும் உடம்பு அது. மூன்றாவது வாரம்தான் உங்கள் அப்பாவின் சொந்த வாரம். கோயில், சொந்தக்காரர் வீடு, வங்கி வேலை எல்லாவற்றையும் அதில் வைத்துக்கொள்ளுங்கள். ரெண்டு சைக்கிளுக்கு (21 நாள் சேர்ந்தது ஒரு சைக்கிள்) ஒரு நோட்டில் தினமும் ஒரு வரி எழுதிப் பாருங்கள், அவர் உடம்பின் போக்கு உங்களுக்கே பிடிபட்டுவிடும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பெமெட்ரெக்ஸெட் போகிறவர்களுக்கு ஃபோலிக் ஆசிட் மாத்திரை தினமும் உண்டு, பி12 ஊசி 9 வாரத்துக்கு ஒருமுறை உண்டு. "சத்து மாத்திரைதானே" என்று பல வீட்டில் அதைத்தான் முதலில் நிறுத்துகிறார்கள். அது சத்துக்காகக் கொடுப்பதில்லை. வாய்ப்புண்ணும் ரத்த அணுக்கள் சரிவதும் அளவு மீறாமல் காப்பதே அதுதான். கீமோவுக்கு முந்தின நாள் தொடங்க வேண்டிய டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையும் அப்படித்தான். ஊரிலிருந்து பஸ் ஏறும் அவசரத்தில் அது விட்டுப்போகும், பிறகு உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக எழும்பும். முந்தின நாள், அன்று, மறுநாள் என மூன்று நாளுக்கும் தனிக் கவரில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள்.

நேத்து ராத்திரி என் வீட்டுக்காரருக்கு 100.6 காய்ச்சல். கீமோ முடிஞ்சு பத்தாவது நாள். பாராசிட்டமால் கொடுத்தேன், இறங்கிடுச்சு. திங்கட்கிழமை ஓ.பி.யில காட்டினா போதுமா? (சேலம்)

போதாது. இதைப் படித்ததும் கிளம்புங்கள்.

கீமோ போகிறவருக்கு 100.4 டிகிரி தாண்டினாலே அவசரம்தான், நள்ளிரவானாலும் சரி. வெள்ளணு குறைந்த உடம்பில் கிருமி சில மணி நேரத்தில் ரத்தம் முழுக்கப் பரவிவிடும். ஆன்டிபயாட்டிக் நரம்பு வழியாக, ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் ஏற வேண்டும். பாராசிட்டமால் காய்ச்சலை மறைக்கும், கிருமியைத் தொடாது. தெருமுனை கிளினிக்கில் ஒரு ஊசி போட்டுக்கொண்டு படுப்பதும் வேண்டாம். அவசரப் பிரிவில் நுழைந்ததும் முதல் வாக்கியமாக, "கீமோ போய்க்கிட்டிருக்கு, இன்னைக்குப் பத்தாவது நாள், காய்ச்சல் வந்திருக்கு" என்று சொல்லுங்கள். வெறும் காய்ச்சல் என்று சொன்னால் வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். கடைசி ரத்தப் பரிசோதனை ரிசல்ட்டும் டிஸ்சார்ஜ் சம்மரியும் ஒரு பையில் எப்போதும் தயாராக, கதவுக்குப் பக்கத்திலேயே தொங்கட்டும்.

வாந்திக்குன்னு ஓலான்சபின் எழுதியிருக்காங்க. மருந்துக்கடைக்காரர் இது மனநோய் மாத்திரைன்னு சொல்லிட்டார். அம்மா பயந்துபோய் போட மாட்டேங்கிறாங்க. (கோயம்புத்தூர்)

கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை. அதே மருந்துதான், ஆனால் இங்கே சின்ன அளவில், சில நாட்களுக்கு, குமட்டலுக்காக மட்டும். கீமோ வாந்திக்கு இதைவிட நன்றாகக் கேட்கும் மருந்துகள் குறைவு. தூக்கம் வரும் என்பதால் இரவில் கொடுப்பார்கள். 2.5 மில்லிகிராமே 10 மில்லிகிராம் அளவுக்கு வேலை செய்கிறது, தூக்கக் கலக்கமும் குறைவு என்று மும்பை டாடா மருத்துவமனை ஆய்வே 2024இல் வெளியானது. அம்மாவுக்கு எழுதியிருக்கும் அளவைப் பாருங்கள், மயக்கம் அதிகமிருந்தால் டாக்டரிடம் கேளுங்கள். வாந்தி வந்த பிறகு மாத்திரை தேடாதீர்கள், எழுதிக்கொடுத்த நாட்களில் வந்தாலும் வராவிட்டாலும் போட வேண்டும்.

சர்க்கரை, பால், முட்டை எதுவும் கொடுத்தா கேன்சர் வளரும்னு சொந்தக்காரங்க சொல்றாங்க. முள்சீத்தா, கோதுமைப்புல் சாறு, கருஞ்சீரகம் கொடுக்கிறோம். எடை ஆறு கிலோ குறைஞ்சிடுச்சு. (திருநெல்வேலி)

எடை ஏன் குறைந்தது என்பதற்கு உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. புற்றுநோய் ஒருபக்கம் தசையைத் தின்கிறது, மறுபக்கம் நாமும் சாப்பாட்டைப் பிடுங்கினால் ஆள் எதை வைத்துத் தாங்குவார்? முட்டையை நன்றாக வேகவைத்துத் தாராளமாகக் கொடுங்கள். பால், தயிர், பருப்பு, மீன் எல்லாம் வேண்டும். பெரிய தட்டு நிறையச் சோற்றைப் பார்த்தாலே குமட்டும்; ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு இட்லி, அரை டம்ளர் கஞ்சி, ஒரு கைப்பிடி வேர்க்கடலை உருண்டை என்று கொடுத்தால் உள்ளே போகும். சூடான சாப்பாட்டின் வாசனை பிடிக்காதவர்கள் ஆறிய தயிர்சாதத்தைச் சாப்பிட்டுவிடுவார்கள். வாயில் உலோகம் மாதிரி கசக்கிறது என்றால் மரக்கரண்டி கொடுத்துப் பாருங்கள்.

ஏற்கெனவே சர்க்கரை நோய் இருந்தால் அது வேறு கதை. ஸ்டீராய்டு நாட்களில் சர்க்கரை எகிறும், அளந்து பார்க்க வேண்டும்.

சாறுகளைப் பற்றி: நாட்டு மருந்தை இழித்துப் பேசும் ஆள் இல்லை நான். ஆனால் பல கீமோ மருந்துகளும் இதுவும் ஒரே கல்லீரல் வழியாகத்தான் போகின்றன. ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் அளவு ஏறி, காரணம் தெரியாமல் கீமோ தள்ளிப்போன வீடுகளில், கடைசியில் சமையலறையில் ஒரு சாறு பாட்டில் இருக்கும். பச்சையாக அரைத்ததில் கிருமி பயமும் உண்டு. கொடுப்பதாக இருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிட்டுக் கொடுங்கள். ரொம்பப் பேர் மறைப்பதுதான் பிரச்சினை.

பாத்ரூம் போய் வந்தாலே மூச்சு வாங்குது. விரல்ல மாட்டிப் பார்த்தா 95 காட்டுது. ஆக்சிஜன் மெஷின் வாங்கிடலாமா? (ஈரோடு)

ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 95 சதவீதம் இருக்கும்போது மெஷினுக்குச் செலவழிக்காதீர்கள். அளவு 90க்குக் கீழே இறங்குகிறவர்களுக்குத்தான் ஆக்சிஜனால் பெரிய பலன். அளவு நன்றாக இருந்தும் மூச்சு வாங்கினால், முகத்துக்கு நேரே வீசும் காற்றே அந்தத் தவிப்பை அடக்கும். சின்ன டேபிள் ஃபேனை மூக்கு, கன்னம் பக்கம் திருப்பி வையுங்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும், செய்து பார்த்தவர்கள் கைவிட மாட்டார்கள். கட்டிலில் மல்லாந்து படுக்காமல், நாற்காலியில் உட்கார்ந்து முன்னால் ஒரு மேசையில் தலையணை போட்டு அதன்மேல் கைகளை ஊன்றிச் சாயட்டும். மூக்கால் இழுத்து, விசில் அடிப்பதுபோல் உதட்டைக் குவித்து மெதுவாக விடட்டும். பாத்ரூமில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போடுங்கள். உட்கார்ந்து குளித்தால் பாதி மூச்சு மிச்சம்.

ஆனால் இதெல்லாம் டாக்டர் ஒருமுறை பார்த்த பிறகு. மூச்சுத்திணறல் சில நாட்களில் கூடியது என்றால் நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கலாம். ஊசி வைத்து எடுத்தால் அன்றைக்கே லேசாகிவிடும். திடீரென்று வந்தது, ஒரு கால் மட்டும் வீங்கி வலிக்கிறது என்றால் ரத்தக் கட்டியாக இருக்கலாம், அன்றைக்கே போக வேண்டும். முகமும் கழுத்தும் உப்பி நரம்பு புடைத்தாலும், இருமலில் ரத்தம் கூடினாலும், முதுகுவலியோடு கால் மரத்துச் சிறுநீர் வராமல் போனாலும் 108ஐக் கூப்பிடுங்கள்.

மார்ஃபின் எழுதிட்டாங்க. அப்படின்னா முடிஞ்சிடுச்சுன்னு அர்த்தமா? (விழுப்புரம்)

இல்லை, தம்பி. வலிக்கு எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான். மார்ஃபின் போட்டுக்கொண்டே கீமோவுக்கு நடந்து வருகிறவர்கள் வார்டில் நிறையப் பேர். வலி இருந்தால் தூக்கமில்லை, சாப்பாடு இல்லை, ஆழமாக மூச்சு இழுக்க முடியாது, சளி உள்ளேயே தங்கும். சாதாரண மாத்திரை என்றால் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, வலி தலை தூக்குவதற்கு முன்பே. முதல் ரெண்டு மூன்று நாள் தூக்கமும் குமட்டலும் இருக்கும், பிறகு பழகிவிடும். பழகாதது மலச்சிக்கல் மட்டும்தான், அதனால் மலமிளக்கி முதல் நாளிலிருந்தே கூட வர வேண்டும். எழுதவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள். வலிக்காக, டாக்டர் சொன்ன அளவில் போடுகிறவர் போதைக்கு அடிமையாவது அபூர்வம். மாத்திரையைப் பூட்டி வைப்பது மட்டும் அவசியம். எல்லாக் கடையிலும் கிடைக்காது. 2014இல் போதைமருந்துச் சட்டத்தைத் திருத்திய பிறகு அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் இருப்பு வைப்பது எளிதாகியிருக்கிறது. தீர்ந்த பிறகு ஓடாமல், ஒரு வாரம் முன்பே போய் வாங்குங்கள்.

அக்கா, தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில காட்டுறம். மருந்து ஏத்தின நாளும் அடுத்த நாளும் அம்மா நித்திரையே கொள்ளுறா இல்லை. விடிய விடிய கதைச்சுக்கொண்டு இருக்கிறா. விக்கலும் விடுது இல்லை. (யாழ்ப்பாணம்)

ரெண்டுக்கும் டெக்ஸாமெத்தசோன்தான் காரணமாக இருக்கும். இரண்டாவது வேளையை இரவில் கொடுக்காமல் பிற்பகல் மூன்று, நான்கு மணிக்குள் கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். விக்கல் ஒரு நாள் தாண்டினால் அதற்கும் மாத்திரை உண்டு.

வைகாசியில் தங்கச்சி கல்யாணம். அப்பா தாரை வார்க்கணும்னு ஆசைப்படுறார். கீமோவை நிறுத்தலாமா? (தஞ்சாவூர்)

நிறுத்த வேண்டாம், தேதியைக் கூட்டிக் கழித்தால் போதும். முகூர்த்தம் மூன்றாவது வாரத்தில் விழுகிற மாதிரி இருந்தால் நல்லது, இல்லையென்றால் இப்போதே டாக்டரிடம் பத்திரிகையைக் காட்டுங்கள். ஒரு சைக்கிளைச் சில நாள் தள்ளிவைப்பது அவர்களுக்குப் பழக்கமான விஷயம்தான், கடைசி வாரத்தில் போய்ச் சொன்னால்தான் சிரமம். ரெண்டு நாள் முன்பு ரத்தம் பார்த்துவிடுங்கள். மணமேடைப் புகை இருமலைக் கிளப்பும், அதனால் காற்று அவருக்குப் பின்னாலிருந்து வரும்படி உட்கார வையுங்கள். முதல் பந்தியில் சூடாகச் சாப்பிட்டுவிடட்டும். ரிசப்ஷனில் கைகொடுக்க வரிசையில் நிற்க வைக்காதீர்கள், அது ஆரோக்கியமான ஆளையே சாய்த்துவிடும். முடியைப் பற்றிக் கவலை இருந்தால்: பெமெட்ரெக்ஸெட்டில் மெலியும், பெரும்பாலும் மொத்தமாகக் கொட்டாது. பாக்லிடாக்ஸெல் என்றால் கொட்டும்.

அப்பாகிட்ட நெஞ்சுல சளி கட்டியிருக்குன்னுதான் சொல்லி வச்சிருக்கோம். தெரிஞ்சா மனசு விட்டுடுவார். வார்டுல யாரும் உளறாம பார்த்துக்கச் சொல்லலாமா? (திருச்சி)

உங்கள் அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியும்தானே? அவர் மூன்று வாரத்துக்கு ஒருமுறை நுழையும் கட்டடத்தின் வாசலில் என்ன எழுதியிருக்கிறது? மகன் பில் கட்டக் கீழே போகும் நேரம் பார்த்து, டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கும் கையை அசைக்காமல், "சிஸ்டர், எனக்கு என்னன்னு உங்களுக்குத் தெரியும்ல? பையன்கிட்ட நான் கேட்டேன்னு சொல்லாதீங்க" என்று கேட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர் பிள்ளைக்காக மறைக்கிறார், பிள்ளை அவருக்காக மறைக்கிறான். ஒரே வீட்டில் ரெண்டு பேரும் தனித்தனியாகப் பயந்துகொண்டிருக்கிறார்கள்.

ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டச் சொல்லவில்லை. "உடம்பைப் பத்தி நீங்க என்ன நினைக்கிறீங்கப்பா?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அவர் எவ்வளவு கேட்கிறாரோ அவ்வளவு சொன்னால் போதும். "எனக்கு எதுவும் சொல்ல வேண்டாம், நீயே பார்த்துக்கோ" என்றால் அதுவும் அவர் உரிமை. பட்டா, வங்கிக் கணக்கு, யாரிடம் என்ன கொடுக்கல் வாங்கல் என்பதெல்லாம் அவர் வாயால்தான் வர வேண்டும், சளி என்று சொல்லி அதைக் கேட்க முடியாது. வார்டில் பொய் சொல்லச் சொல்லி நர்ஸ்களைக் கேட்காதீர்கள்.

அம்மா பீடி, சிகரெட் எதுவும் தொட்டதில்லை. பெண்களுக்கு மாத்திரையே போதும்னு சொல்றாங்களே? (சென்னை)

பெண் என்பதற்காக இல்லை, கட்டியின் மரபணுவில் சில மாற்றங்கள் இருந்தால்தான் கீமோவுக்குப் பதில் மாத்திரை. நம் நாட்டில் அடினோகார்சினோமாவில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கோ அதற்கும் மேலோ ஈஜிஎஃப்ஆர் என்ற மரபணுவில் மாற்றம் இருக்கும், புகைக்காதவர்களிடம் இன்னும் அதிகம். ஈஜிஎஃப்ஆர், ஏஎல்கே, ஆர்ஓஎஸ்1 என்ற மூன்று மரபணுவையும் பார்த்தார்களா என்று ஃபைலைத் திறந்து பாருங்கள். பார்க்கவில்லை என்றால் ஏன் என்று கேளுங்கள்.

பேரன் ஒன்றரை வயசு. தூக்கலாமா? (நாகர்கோவில்)

தாராளமாக. இது ஒட்டுகிற நோய் இல்லை. குழந்தைக்குச் சளி, காய்ச்சல் இருந்தால்தான் தள்ளி இருக்க வேண்டும், அதுவும் உங்களைக் காக்க. மருந்து ஏறி 48 மணி நேரம் கழிவறையில் ரெண்டு முறை தண்ணீர் ஊற்றுங்கள், வாந்தியைச் சுத்தம் செய்கிறவர் கையுறை போடட்டும்.

செலவு தாங்கல சிஸ்டர். (கிருஷ்ணகிரி)

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் கீமோவுக்கு வழி உண்டு, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. வருமானச் சான்றை வி.ஏ.ஓ.விடம் இன்றே கேளுங்கள். ரயிலில் சிகிச்சைக்குப் போய்வர ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் நோயாளிக்கு முழுச் சலுகை, துணைக்கு வருபவருக்கு 75 சதவீதம். ஆஸ்பத்திரியில் அதற்கான படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும், நிறையப் பேர் கேட்பதே இல்லை.

நானே நோயாளி. வயது 58. ஆறு சைக்கிள் முடித்து இப்போது பெமெட்ரெக்ஸெட் மட்டும் போகிறது. ஒவ்வொரு முறையும் எழ ரெண்டு வாரம் ஆகிறது. போதும் என்று சொன்னால் டாக்டர் கோபிப்பாரா? வீட்டில் தோற்றவன் என்பார்களா? (காஞ்சிபுரம்)

ஐயா, போதும் என்று சொல்வதற்கு முன் "இப்படி எழ முடியவில்லை" என்று சொல்லிவிட்டீர்களா? டாக்டர் முன் உட்கார்ந்ததும் "நல்லா இருக்கேன்" என்பதுதான் நம்மவர்கள் வழக்கம். அளவைக் குறைக்கலாம், இடைவெளியை நீட்டலாம், ரத்தசோகையா தைராய்டா என்று பார்க்கலாம். அடுத்த ஸ்கேனில் கட்டி அடங்கியே இருந்தால் கொஞ்சம் இடைவேளை விடலாமா என்றும் கேட்கலாம். இதெல்லாம் பார்த்தும் வேண்டாம் என்று தோன்றினால் அது உங்கள் முடிவு. கோபிக்கிற டாக்டர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

வலி, மூச்சுத்திணறல் போன்ற அவஸ்தைகளைத் தணிக்கும் பேலியேட்டிவ் பிரிவுக்கு இப்போதே, கீமோ ஓடும்போதே, ஒரு சீட்டு போடுங்கள். அங்கே போவதைக் கைகழுவி விடுவதாக நினைக்கிறார்கள். பாஸ்டனில் இதே நோய் உள்ள 151 பேரை வைத்து நடந்த ஆய்வு 2010இல் வெளியானது. முதலிலிருந்தே பேலியேட்டிவ் பிரிவையும் சேர்த்துப் பார்த்தவர்கள் மனச்சோர்வு குறைந்து இருந்தார்கள், வாழ்ந்த காலமும் சராசரியில் 8.9 மாதத்துக்குப் பதில் 11.6 மாதம். படுக்கையை விட்டு வர முடியாத நாட்களுக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கிற நர்ஸ்கள் இருக்கிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்து வையுங்கள், நடக்க முடிகிறபோதே.