"ஆளு சரியில்லை"ங்கறதுக்கு முன்னாடி: பனியன் கம்பெனி கேள்வி பதில்

திருப்பூர்ல லைன் சூப்பர்வைசரா ஆரம்பிச்சு புரொடக்‌ஷன் மேனேஜரா இருந்த அண்ணன் ஒருத்தர் பதில் சொல்றார்.

அவிநாசி, சூப்பர்வைசர்: அண்ணா, ஓவர்லாக்குல (துணி ஓரத்தை மூட்டற மிஷின்) ஒரு பொண்ணு. மணிக்கு 70 பீஸ் கேட்டா 50தான் வருது. கேட்டா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குது. அக்கறையே இல்லீங்க.

பதில்: அக்கறைக்கு அப்புறம் வரலாம் தம்பி. அந்த 70 எப்படி வந்துச்சு? சைடு மூட்ட பீஸுக்கு 0.6 நிமிஷம்னு போட்டிருந்தா முழு வேகத்துல மணிக்கு 100. அதுல 70 சதவீதம் கேக்கறீங்க, சரி. ஆனா பண்டில் (தைக்க வேண்டிய துணிக்கட்டு) வர்றதுக்காக 15 நிமிஷம் சும்மா உக்காந்திருந்தா மிச்சம் 45 நிமிஷம். அதே வேகத்துல 52தான் வரும். அந்தப் பொண்ணு 50 குடுத்திருக்குதே!

நாளைக்கு ஒரு மணி நேரம் அந்த மிஷின்கிட்ட வாட்ச்சோட நில்லுங்க. நூல் அறுகுதா, ஊசி மழுங்கியிருக்குதா, கைமடிக்கு, அதாவது கூட ஒத்தாசைக்கு, ஆள் இருக்குதா, எல்லாத்தையும் எழுதுங்க. எல்லாம் சரியா இருந்தும் 50தான்னா தனியாக் கூப்பிட்டு என்ன சிரமம்னு கேளுங்க. லைன்ல நாலு பேர் முன்னாடி மட்டும் சத்தம் போடாதீங்க. சனிக்கிழமை சம்பளம் வாங்கிட்டுத் திங்கக்கிழமை பக்கத்துக் கம்பெனில உக்காந்துக்கும். பழகின கையைத் தொலைச்சுட்டு கேட்ல "டெய்லர் தேவை" போர்டு மாட்டோணும்.

பெருமாநல்லூர், டெய்லர்: ஒன்றரை ஷிப்ட் முடிச்ச பின்னாலயும் நில்லுங்கறாங்கண்ணா. கொழந்த இருக்குது, முடியாதுன்னா "ஒத்துழைக்க மாட்டேங்குது"ங்கறாங்க.

பதில்: காலைல எட்டரைக்கு உக்காந்து ராத்திரி எட்டரைக்கு எந்திரிக்கற ஆளைப் பாத்து அப்படிச் சொல்றது அநியாயம் அம்மிணி. வாரம் 48 மணி நேரத்துக்கு மேல வேலை வாங்கினா சட்டப்படி ரெண்டு மடங்கு கூலி. ஒன்றரை ஷிப்டுக்கு ஒன்றரைக் கூலின்னு ஓட்டறதையே நான் ஒத்துக்க மாட்டேன். வர்ற நேரம், போற நேரத்தை உங்க நோட்டுலயும் எழுதி வைங்க. எந்தெந்த நாள் நிக்க முடியும்னு முன்கூட்டியே சொல்லிருங்க. ஷிப்மென்ட் தேதி அவிங்களுக்கு முன்னாடியே தெரியும், அன்னிக்குச் சாயங்காலம் வந்து நில்லுங்கறது பிளானிங் கோளாறு.

ஈரோடு, யூனிட் ஓனர்: வடக்கத்திப் பசங்க எல்லாத்துக்கும் தலையாட்டறாங்க, செக்கிங்ல பாத்தா பாதி ரிஜெக்ட்.

பதில்: தலையாட்டறது மரியாதைங்க, புரிஞ்சதுன்னு அர்த்தமில்லை. டேபிள்கிட்ட சரியான பீஸ் ஒன்னு, தப்பான பீஸ் ஒன்னு தொங்க விடுங்க. முதல் மூணு பீஸை உங்க முன்னாடி தைக்கச் சொல்லுங்க. அப்பறம் எண்ணிக்கையக் கேளுங்க.