நிலத்தை விற்று டாக்டர் படிப்பு வேண்டாம்

"நீட் மார்க்குக்கு அரசு இடம் கிடைக்காது. நிலத்தை விற்றாவது டாக்டராக்கிவிடு என்கிறார் அண்ணன். மகளோ மூளை, ஞாபகம், ஜீன் என்று ஏதோ சொல்கிறாள்" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பயம் புரிகிறது. ஆனால் நிலத்தை விற்காதீர்கள். நிர்வாக ஒதுக்கீட்டில் கல்விக் கட்டணமே ஆண்டுக்குப் பத்து லட்சத்தைத் தாண்டும். அப்புறம் மேற்படிப்புக்கு இன்னொரு நீட். மகள் கேட்காத படிப்புக்கு இத்தனை கடனா?

அவள் சொல்வது 'ஏதோ' அல்ல. சில நிமிடங்கள் மட்டும் நிற்கும் நினைவுக்கு நரம்பு செல்லில் ஏற்கெனவே இருக்கும் புரதங்கள் போதும். நாள்கணக்கில் நிற்க வேண்டுமானால் செல்லின் உட்கருவில் ஜீன்கள் முடுக்கப்பட்டு, புதிய புரதம் உண்டாக வேண்டும். எரிக் கேண்டல் என்ற மூளை ஆய்வாளர் இதைக் கடல் நத்தையை வைத்துக் காட்டினார். வாலில் ஒருமுறை மின்அதிர்ச்சி கொடுத்தால் நத்தை சீக்கிரம் மறந்துவிடுகிறது. இடைவெளி விட்டுப் பலமுறை கொடுத்தால் 'கிரெப்' என்ற புரதம் ஜீன்களை இயக்க, நரம்புகளுக்கிடையே புது இணைப்புகளே முளைக்கின்றன. அதற்குத்தான் 2000-இல் நோபல்.

"கேண்டலும் டாக்டர்தானே?" என்று உங்கள் அண்ணன் கேட்கலாம். ஆமாம், மனநல மருத்துவம் பயின்றவர். ஆனால் இன்று அப்படியொரு மூளை ஆய்வகத்துக்குப் போக எம்.பி.பி.எஸ். வழியாகச் சுற்ற வேண்டியதில்லை.

மற்ற துணை மருத்துவப் படிப்புகளை உறவினர்களே சொல்லியிருப்பார்கள், விடுகிறேன். யாரும் சொல்லாதது ஐசர். திருப்பதி, திருவனந்தபுரம், புனே உட்பட ஏழு ஊர்களில் மத்திய அரசு நடத்தும் அறிவியல் நிறுவனங்கள். இளங்கலையும் முதுகலையும் சேர்ந்த ஐந்தாண்டு பி.எஸ்.-எம்.எஸ். படிப்பு; முதலில் எல்லா அறிவியலும் பொது, கடைசி ஆண்டு ஆய்வகத்தில் சொந்த ஆய்வு. நுழைய ஐ.ஏ.டி. தேர்வு: உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம், ஒவ்வொன்றிலும் 15 கேள்விகள். பிளஸ் டூவில் கணிதம் இல்லாதவர்களும் எழுதலாம், ஆனால் கணிதக் கேள்விகளுக்குத் தனியாகத் தயாராக வேண்டும். பிறகு பெங்களூருவில் உள்ள என்.சி.பி.எஸ். என்ற உயிரியல் ஆய்வு மையம், மானேசரின் தேசிய மூளை ஆய்வு மையம் போன்ற இடங்களில் பிஎச்.டி. செய்யலாம். ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வாளர் நிதி கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை.

ஒன்றை மறைக்க மாட்டேன். இது நீண்ட பாதை, பிஎச்.டி. முடிய எப்படியும் பத்தாண்டு ஆகும். சொந்த ஆர்வம் இல்லாத பிள்ளையை இதற்கும் தள்ளக் கூடாது. உங்கள் மகளுக்கு அது இருக்கிறது.

சரி, இந்த வாரமே ஐ.ஏ.டி. பழைய வினாத்தாளை எடுத்து, நேரம் வைத்து எழுதச் சொல்லுங்கள். நிலம் விற்பதில்லை என்பதை அண்ணனிடம் நீங்களே சொல்லுங்கள். அதை மகள் தலையில் கட்டாதீர்கள்.