ஸ்லக்கைப் பவுண்டாக மாற்றுவது எப்படி? இடையில் 32.174 எங்கிருந்து வருகிறது?

ஸ்லக் என்பது அடி-பவுண்டு முறையில் நிறையை அளக்கும் ஓர் அலகு. முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 1 ஸ்லக் = 32.174 பவுண்டு = 14.594 கிலோ. ஸ்லக்கைப் பவுண்டாக்க 32.174-ஆல் பெருக்குங்கள், பவுண்டை ஸ்லக்காக்க அதே எண்ணால் வகுத்துவிடுங்கள். பரீட்சைக்கு இது போதும். வேலைக்கு வந்தால் போதாது. எனக்குப் போதவில்லை.

ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு சின்ன பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த புதிது. வெளிநாட்டிலிருந்து வந்த பழைய ஃபேன் ஒன்றுக்கு மோட்டார் மாற்ற வேண்டியிருந்தது. டிராயிங்கில் ரோட்டாரின் (சுழலும் பாகத்தின்) நிலைமத் திருப்புத்திறன், அதாவது அதைச் சுழற்ற எவ்வளவு முரண்டுபிடிக்கும் என்ற அளவு, 640 பவுண்டு-சதுர அடி என்று போட்டிருந்தது. பத்து வினாடியில் நிமிடத்துக்கு 1480 சுற்று என்ற வேகத்துக்கு வரவேண்டும், அதாவது வினாடிக்கு வினாடி 15.5 ரேடியன் முடுக்கம். 640-ஐ 15.5-ஆல் பெருக்கி, 9,920 பவுண்டு-அடி முறுக்குவிசை வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். ஃபோர்மேன் தாளைப் பார்த்தார், ஃபேனைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். "இன்னா தம்பி, ஃபேன் சுத்தணுமா, ரயில் இழுக்கணுமா?"

அவருக்கு ஸ்லக் என்ற பெயரே தெரியாது. ஆனால் அந்த அளவு ஃபேனுக்கு எவ்வளவு மோட்டார் போடுவார்கள் என்று கைக்குத் தெரியும். நான் 640-ஐ 32.174-ஆல் வகுத்து 19.9 ஸ்லக்-சதுர அடி ஆக்கியிருக்க வேண்டும். சரியான விடை சுமார் 308 பவுண்டு-அடி. மெட்ரிக்கில் போட்டுப் பார்த்தாலும் 27 கிலோகிராம்-சதுர மீட்டரை 15.5-ஆல் பெருக்க 418 நியூட்டன்-மீட்டர், அதே விடைதான்.

பிரச்சினை எங்கே என்றால், பவுண்டு என்ற ஒரே பெயரில் இரண்டு ஆட்கள் இருக்கிறார்கள். ஒன்று நிறை, இன்னொன்று விசை. ஒரு பவுண்டு நிறையைப் பூமி இழுக்கிற இழுப்பைத்தான் ஒரு பவுண்டு விசை என்கிறார்கள். கையிலிருந்து விட்டால் அந்த நிறை வினாடிக்கு வினாடி 32.174 அடி முடுக்கத்தில் விழும். அதே ஒரு பவுண்டு விசை வெறும் 1 அடி முடுக்கம் மட்டும் கொடுக்க வேண்டுமென்றால் நிறை 32.174 மடங்கு இருக்க வேண்டும். அந்த நிறைக்குத்தான் ஸ்லக் என்று பெயர். 'விசை = நிறை × முடுக்கம்' என்ற சூத்திரத்தில் நடுவில் எந்த எண்ணும் ஒட்டாமல் இருப்பதற்காகச் செய்துகொண்ட அலகு அது. ஆங்கிலத்தில் மந்தமாக நகர்வதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் என்பார்கள். மழைக்காலத்தில் தோட்டத்தில் ஊரும் ஓடில்லாத நத்தைக்கும் அதே பெயர்தான், பொருத்தமாகத்தான் இருக்கிறது.

அவுன்ஸ், பவுண்டு, ஸ்டோன், டன் எல்லாம் அப்படி இல்லை. அவை சந்தையில் பிறந்தவை. 16 அவுன்ஸ் ஒரு பவுண்டு, 14 பவுண்டு ஒரு ஸ்டோன், 2,240 பவுண்டு ஒரு பிரிட்டிஷ் டன். அமெரிக்க டன்னோ 2,000 பவுண்டுதான், டிராயிங் எந்த நாட்டுடையது என்று பார்த்துக்கொள்ளுங்கள். நம் பாட்டிமார் சொன்ன 8 பலம் ஒரு சேர், 5 சேர் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு என்பதும் இதே ஜாதி. ஒரு காலத்தில் வேலூர் லாங்கு பஜாரில் புளியை வீசைக்கல் போட்டு நிறுத்திருப்பார்கள். ஸ்லக் கல் போட்டு உலகத்தில் யாரும் எதையும் நிறுத்ததில்லை, அது காகிதத்தில் மட்டும் வாழ்கிற அலகு. (நகைக்கடைப் பவுனை இதில் இழுக்காதீர்கள், அது 8 கிராம்.)

என் ஜூனியர் ஒருவர் கேட்டார்: "சார், வேலூரில் ஈர்ப்பு முடுக்கம் சுமார் 9.78 தானே, அதைப் போட வேண்டாமா?" வேண்டாம். 32.174 என்பது 9.80665 மீட்டர் என்ற நியம மதிப்பை அடிக்கணக்கில் சொன்னது. நிறையை நிறையாக மாற்றும்போது நீங்கள் காட்பாடியில் இருந்தாலும் கனடாவில் இருந்தாலும் அதே எண்தான்.

சரி, எப்போது ஸ்லக் போடுவது? விடை பவுண்டு விசையில் வரவேண்டும், சூத்திரத்தில் முடுக்கமோ அடர்த்தியோ இருக்கிறது என்றால் நிறையை ஸ்லக்கில் போடுங்கள். தண்ணீரின் அடர்த்தி கன அடிக்கு 62.4 பவுண்டு, ஸ்லக்கில் 1.94. பைப்பில் ஓடும் தண்ணீரின் அழுத்தக் கணக்கில் 62.4-ஐ அப்படியே போட்டால் எனக்கு நடந்ததுதான் உங்களுக்கும் நடக்கும். நீளத்தை அங்குலத்தில் வைத்துக் கணக்குப் போடுகிறவர்களுக்கு ஸ்லக்கும் ஒத்துவராது, அங்கே 12 ஸ்லக் சேர்ந்ததுதான் அலகு. பழைய மோட்டார் கேட்டலாக்கில் ஜிடி ஸ்கொயர் (GD²) என்று இருந்தால் அது இன்னொரு குழி. நிலைமத் திருப்புத்திறனை ஆரத்துக்குப் பதில் விட்டத்தை வைத்துப் போட்டது, 4-ஆல் வகுத்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். இதில் விழுந்து எழுந்த கதை தனி, அதை ஃபோர்மேனிடம் நான் சொல்லவில்லை.